ஏட்டைக் கட்டி வைப்பதா, அச்சேற்றுவதா?

பத்து ஆண்டுகளுக்கு முன்னர் நம்மிடம் கணிதம் பயின்ற மாணாக்கர் ஒருவர் சென்ற மாதத்தில் ஒரு மாலைப்பொழுது நம்மைக் காண வந்திருந்தார். பல்கலைக்கழகப் படிப்பு முடிந்ததும் அவரோடு படித்தவர்களுட் பலர் கடல் கடந்து சென்றுவிட, இவர் ஊரிலேயே தங்கிச் சிறியதொரு மென்பொருள் நிலையத்தை நடத்தி வருகின்றார். அவரையும் சேர்த்து ஐவர் அங்கு தொழில் புரிகின்றனர். கூட்டுறவுச் சங்கங்களும் சிறு கடைகளும் தங்கள் வரவு செலவைக் கணினியிற் பதிந்து வைப்பதற்கு உதவும் மென்பொருள் ஒன்றே அவர்களுடைய முதலும் விளைவும்.

தேநீர் அருந்தி முடியும்வரை ஊர்ப் புதினங்களைப் பேசிக்கொண்டிருந்தவர், கோப்பையைக் கீழே வைத்தபின் வந்த காரியத்தைச் சொன்னார்.

"சேர், எங்கள் மென்பொருளின் மூலநிரலை உலகத்துக்குத் திறந்து விடலாமா என்று யோசிக்கிறோம். திறந்தாற்றான் வளரலாம் என்று இரண்டு பேர் சொல்லுகிறார்கள். திறந்த அடுத்த மாதமே கதவைப் பூட்ட வேண்டியதுதான் என்று மற்ற இரண்டு பேரும் சொல்லுகிறார்கள். முடிவு என் தலையில் இருக்கிறது."

"இத்தனை நாளும் இல்லாத யோசனை இப்போது ஏன் வந்தது?" என்று கேட்டோம்.

காரணம் இரண்டு சொன்னார். கூட்டுறவுச் சங்க முகாமையாளர் ஒருவர், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வேளையில், "தம்பி, நாளைக்கு நீர் கடையை மூடிவிட்டால் எங்கள் சங்கக் கணக்குக்கு யார் பொறுப்பு?" என்று வினவினாராம். அதற்கு இவரிடம் விடை இருக்கவில்லை. மற்றையது, மென்பொருளின் செம்பாதியை எழுதிய நண்பர் வருட முடிவிற் கனடாவுக்குப் போகின்றார். அவர் எழுதிய பகுதியை ஏனையோர் முழுதாக வாசித்ததுகூட இல்லை.

நாம் உடனே விடை சொல்லவில்லை. இரண்டு வாரத் தவணை கேட்டோம். போகும்போது, "சென்ற வருடம் நீர் கொடுத்த பற்றுச்சீட்டுகளின் பிரதிகளை அடுத்த முறை கொண்டு வாரும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். அவ்விரண்டு வாரத்தில் வாசித்தவற்றையும் எண்ணியவற்றையும் இங்கே எழுதுகின்றோம். சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் பிள்ளைகள் இன்று பல வீடுகளில் இருக்கின்றனர். அவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில், மூலநிரல் என்பது யாதென்று வீட்டிலுள்ள பெரியோர்க்குச் சொல்ல வேண்டும். கணினிக்கு விளங்குவன ஒன்றும் பூச்சியமுமாகிய இரண்டே குறிகள். அவற்றைக் கொண்டு நேரே எழுதுதல் மனிதர்க்குப் பெரும்பாடு. ஆகவே, ஆங்கிலச் சொற்களும் கணிதக் குறிகளும் கலந்த ஒரு மொழியில் முதலில் எழுதுவர். அவ்வெழுத்தே மூலநிரல். பின்னர் அதனை இயந்திரத்துக்குரிய குறிகளாக மாற்றி வாடிக்கையாளருக்கு விற்பர். மாற்றியதை இயக்கலாம், வாசித்துத் திருத்துதல் மிகக் கடினம். கடையில் வாங்கிய கறித்தூளைக் கொண்டு எவரும் சமைக்கலாம். ஆனால் மல்லி எத்தனை பங்கு, மிளகாய் எத்தனை பங்கு, எதை எவ்வளவு நேரம் வறுத்தார்கள் என்பது தூளைப் பார்த்தாற் புலப்படுமா? மூலநிரலைத் திறப்பதென்பது அந்தப் பக்குவத்தை எழுதி வெளியிட்டு, "இதனை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், தாமும் இடித்து விற்கலாம்" என்று பத்திரமும் எழுதிக் கொடுப்பதாகும்.

இவ்வாறு கொடுப்பவர் உலகில் உண்டா என்று ஐயுற வேண்டியதில்லை. 1983 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பவர், எவரும் பார்த்துத் திருத்திப் பகிரக்கூடிய மென்பொருள்களையே ஆக்குவதென்று குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் எனப் பின்னர் பெயர் பெற்ற நிரலை வெளியிட்டார். நம்மிற் பலருடைய சட்டைப்பையில் இருக்கும் அண்ட்ரொயிட் கைத்தொலைபேசியின் அடியில் இயங்குவது அந்த லினக்ஸே. "திறந்த மூலம்" என்னும் பெயர் 1998 இல் வழக்குக்கு வந்தது. ஆயினும் ஸ்டோல்மனுக்கும் டோர்வால்ட்ஸுக்கும் அந்நாளில் மாத முடிவில் ஐவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய கடமை இருக்கவில்லை. நம் மாணாக்கருக்கு இருக்கின்றது. ஆகவே, நிரலை விற்றே சீவித்த சிறு கம்பனிகளின் கதையையே நாம் தேடி வாசித்தோம்.

அவற்றுள் நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது நெதர்லாந்துக் கதை. டொன் ரோசெண்டால் என்பவர் அங்கு ஓர் அசைபடக் கலைக்கூடத்தை நடத்தியவர். அக்கூடத்தின் வேலைக்காகப் பிளெண்டர் என்னும் மென்பொருளை உருவாக்கினார். 1998 இல் அதனை விருத்தி செய்து விற்பதற்கென்றே கம்பனி ஒன்றைத் தொடங்கினார். முதலீட்டாளர் பணம் இட்டனர். எதிர்பார்த்த வருமானம் வரவில்லை, 2002 இன் தொடக்கத்தில் முதலீட்டாளர் கையை விரித்தனர், கம்பனி மூடப்பட்டது. பிளெண்டரின் உரிமை பணம் போட்டவர்களின் கையில் இருந்தது. எழுதியவரே அதைத் தொட முடியாத நிலை. வேறு யாரும் தொடாவிட்டால் அது அப்படியே மடிந்து போயிருக்கும்.

ரோசெண்டால் முதலீட்டாளரிடம் சென்று பேசினார். 1,00,000 யூரோ கொடுத்தால் நிரலை விட்டுவிடுவதாக அவர்கள் இணங்கினர். அதைப் பயன்படுத்தி வந்தவர்களிடமும் பொதுமக்களிடமும் அவர் கையேந்தினார். ஏழே வாரங்களில் பணம் சேர்ந்தது. 2002 ஒக்டோபர் 13 ஆம் திகதி பிளெண்டரின் மூலநிரல் உலகத்தார் யாவருக்கும் திறக்கப்பட்டது. லத்துவியா நாட்டு இளைஞர் ஒருவர் பிளெண்டரைக் கொண்டு ஆக்கிய "புளோ" என்னும் அசைபடம் 2025 இல் ஒஸ்கார் பரிசைப் பெற்றமை பலருக்கும் நினைவிருக்கும்.

இக்கதையைச் சொல்லித் திறப்பதே நன்று என்று பலர் முடித்துவிடுவர். நாம் அப்படி முடிக்க மாட்டோம். பிளெண்டர் பிழைத்தது, அதை விற்ற கம்பனி பிழைக்கவில்லை. திறந்ததனாற் காப்பாற்றப்பட்டது வேலைப்பாடு. அங்கே சம்பளம் வாங்கியவர்களின் அடுப்பை அது எரிய வைக்கவில்லை. இரண்டையும் ஒன்றென்று மயங்குவதனாற்றான் நம் மாணாக்கரின் நிலையத்தில் இரண்டு கட்சிகள் தோன்றின என்பது நம் கருத்து.

இவ்வேறுபாடு நமக்குப் புதியதன்று. சிறுப்பிட்டியில் 1832 இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏட்டிற் கிடந்த பழந்தமிழ் நூல்களைத் தேடி அச்சேற்றியவர். கலித்தொகையை 1887 இற் பதிப்பித்தார். வீட்டுப் பரணிலே பட்டுத் துணியிற் கட்டி வைத்த ஏடு அந்த வீட்டாருக்குப் பெருமையாக இருந்திருக்கலாம். ஆனாற் செல்லுக்கு அந்தப் பெருமை தெரியாது. ஒரே பிரதியாக இருந்த ஏடு அரிக்கப்பட்டால் நூலும் போயிற்று. அச்சாகி நூறு வீட்டில் இருந்தால் ஒன்றாவது தப்பும். எனினும் தாமோதரம்பிள்ளை அவர்கள் பதிப்பு வருமானத்தைக் கொண்டு வாழ்ந்தவரல்லர். அவருக்குச் சோறு போட்டது உத்தியோகம். நூலுக்கு உயிர் கொடுத்தது அச்சு. சோற்றுக்கு ஒரு வழியை வைத்துக்கொண்டே அவர் நூலைத் திறந்தார்.

திறந்த பின்னரும் சோற்றுக்கு வழி கண்ட சிறு கம்பனிகள் உண்டு. 1995 இற் சுவீடனிற் சிலர் கூடித் தொடங்கிய கம்பனி, மை எஸ்.கியூ.எல். என்னும் தரவுத்தள மென்பொருளை உருவாக்கியது. 2000 ஆம் ஆண்டில் அதனைக் குனு பொது உரிமத்தின் கீழ் திறந்தனர். அவ்வுரிமத்தில் ஒரு நிபந்தனை உண்டு: இந்நிரலைத் தம் மென்பொருளோடு பிணைத்து வெளியிடுவோர் தம் நிரலையும் அவ்வாறே திறக்க வேண்டும். அதற்கு மனமில்லாத வியாபாரிகள் பணம் கட்டி வேறு உரிமம் பெறலாம் என்று கம்பனி வழி வைத்தது. மாணவரும் ஏழைகளும் விலையின்றிப் பெற்றனர். இரகசியம் வேண்டியவர் விலை கொடுத்தனர். 2008 இற் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அக்கம்பனியை ஏறத்தாழ 100 கோடி டொலருக்கு வாங்கியது. பின்னர் 2010 இற் சன் கம்பனியே ஒராக்கிள் வசமாயிற்று. அதற்கு முன்னரே, முதலில் நிரலெழுதியவர்களுள் ஒருவரான மைக்கல் விடேனியஸ், திறந்திருந்த அந்நிரலை எடுத்து 2009 இல் மரியா டி.பி. என்னும் புதிய கிளையைத் தொடங்கிவிட்டார். முதல் மென்பொருளுக்கு மூத்த மகளின் பெயர்; இரண்டாவதற்கு இளைய மகளின் பெயர். விற்ற வயலிலேயே மீண்டும் ஏர் பூட்டும் உரிமை அவருக்கு எப்படிக் கிடைத்தது? திறந்த நிரலை விற்றவரும் வாங்கியவரும் மீளப் பூட்ட முடியாது என்பதனாற்றான்.

இலங்கையிலும் உதாரணம் உண்டு. 2005 இற் சஞ்சீவ வீரவரண முதலியோர் தொடங்கி, கொழும்பிற் பெரும்பகுதி வேலையை நடத்திய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் கம்பனி, தன் மென்பொருள்களைத் திறந்த மூலமாக வெளியிட்டே வளர்ந்தது. நிரலை விலையின்றிக் கொடுத்து, அதனைப் பராமரிப்பதற்கும் இடர் வந்தால் உதவுவதற்கும் பெரிய நிறுவனங்களிடம் ஆண்டுக் கட்டணம் பெற்றது. ஆனால் அதன் வாடிக்கையாளர் உலகெங்குமுள்ள பெருநிறுவனங்கள். ஓர் இரவு இயந்திரம் நின்றாலும் பெருநட்டம் அடையக்கூடியவர்கள் உதவிக்குப் பணம் கொடுக்கத் தயங்கார். சங்கக் கடையிடம் அதே அளவை எதிர்பார்க்க முடியுமா?

திறப்பதில் உள்ள இடர்களையும் மறைக்கலாகாது. முதலாவது, பெரியவர் எடுத்துக்கொள்வர். எலாஸ்டிக் என்னும் கம்பனியின் தேடல் மென்பொருள் திறந்த மூலமாக இருந்தது. அமேசன் நிறுவனம் அதனைத் தன் முகிற் கணிமைச் சேவையாக விற்றது. உரிமம் அதற்கு இடங்கொடுத்தது. 2021 இல் எலாஸ்டிக் தன் உரிமத்தை இறுக்கியது. உடனே அமேசன் பழைய நிரலை எடுத்து வேறு பெயரில் தனிக்கிளையாக நடத்தத் தொடங்கியது. 2024 இல் எலாஸ்டிக் மீண்டும் ஒரு திறந்த உரிமத்தைச் சேர்த்தது. கொடுத்த கையைப் பின்னிழுப்பது எளிதன்று என்பது இதிலுள்ள பாடம். வருவாய் குறையும்போது திரும்பவும் மூடிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு திறப்பவர், நிரலையும் இழப்பர், நம்பிக்கையையும் இழப்பர்.

இரண்டாவது, திறந்தால் உலகத்தார் எல்லோரும் வந்து திருத்தித் தருவர் என்பது பெரும்பாலும் கனவு. இணையத்திற் கடவுச்சொற்களையும் வங்கி விவரங்களையும் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளில் 2012 இற் புகுந்த பிழையொன்று 2014 வரை அகப்படவில்லை. நிரல் யாவர்க்கும் திறந்துதான் கிடந்தது. உலகில் எத்தனையோ தளங்கள் அதனை நம்பியிருந்தன. ஆனால் பேணிக் காத்தவர் மிகச் சிலர். கோவிற் கேணி எல்லோருக்கும் பொதுவென்றால், இறங்கிச் சேறு வாருபவர் எத்தனை பேர்?

குறித்த நாளில் மாணாக்கர் பற்றுச்சீட்டுகளோடு வந்தார். இருவரும் மேசையிற் பரப்பிவைத்து இரண்டாகப் பிரித்தோம். மென்பொருளின் பிரதியை விற்றுப் பெற்ற பணம் ஒரு பக்கம். பயிற்றுவித்தல், பராமரித்தல், பழைய கணக்கை ஏற்றிக் கொடுத்தல், சங்கத்துக்குச் சங்கம் வேறுபடும் படிவங்களை அமைத்தல் ஆகியவற்றாற் பெற்ற பணம் மறுபக்கம். கூட்டிப் பார்த்தபோது, 100 ரூபா வருமானத்தில் 65 ரூபா இரண்டாவது பக்கத்திலிருந்து வந்திருந்தது. மாணாக்கர் சற்று நேரம் பேசாதிருந்தார்.

"சேர், நாங்கள் மென்பொருள் விற்கிறோம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்."

"சனிக்கிழமை பின்னேரம் கணக்குப் பொருந்தாமல் முகாமையாளர் தொலைபேசியில் அழைத்தால், அரை மணி நேரத்தில் வந்து நிற்கும் மனிதரையே அவர்கள் வாங்குகிறார்கள். நிரலைக் களவெடுப்பவர் உம்மைக் களவெடுக்க முடியாது. ஆனால் மீதி 35 ரூபாவை இந்த வருடமே விட்டுக்கொடுத்தால் யாருடைய சம்பளத்தை நிறுத்துவீர்?" என்றோம்.

அதற்கும் அவர் உடனே விடை சொல்லவில்லை. நாம் கூறிய யோசனை இதுதான். சேவையினால் வரும் வருமானம் மட்டுமே ஐவரின் சம்பளத்தையும் வாடகையையும் தொடர்ந்து ஓர் ஆண்டு தாங்கட்டும். அந்த ஆண்டு முடியும் நாளே மூலநிரலைத் திறக்கும் நாள். அதுவரை மூன்று காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, முகாமையாளரின் கேள்விக்கு விடை. மூலநிரலின் பிரதியை ஒரு சட்டத்தரணியிடம் ஒப்படைத்து, நிலையம் மூடப்பட்டால் அது வாடிக்கையாளர் கைக்குச் செல்லும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். மேல் நாடுகளில் இவ்வழக்கம் நெடுநாளாக உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பிரதியை வைக்க வேண்டும். மறந்தால், முத்திரையிட்ட உறைக்குள் பழங்கஞ்சிதான் இருக்கும்.

இரண்டாவது, விற்பனைக்கு உரியதல்லாத ஒரு சிறு பகுதியை இப்போதே திறக்கலாம். அவர்கள் மென்பொருளில் ரூபாத் தொகையைத் தமிழ்ச் சொற்களாக மாற்றிப் பற்றுச்சீட்டில் அச்சிடும் பகுதி ஒன்று உண்டு. "ஆயிரத்து இருநூற்று நாற்பத்தைந்து" என்று சந்தி பிழையாமல் எழுதக் கணினிக்குக் கற்பிப்பது எளிய வேலையன்று. அதற்காக எவரும் அவர்களுக்குத் தனியே பணம் கொடுத்ததில்லை. திறந்தால் தமிழில் மென்பொருள் எழுதும் பலருக்கும் பயன்படும். திறந்த நிரலைப் பேணுவது எத்தகைய பாரமென்பதையும் சிறிய சுமையிலேயே கற்றுக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஐ.டி. சொப்ட்வெயர் என்னும் சிறு கம்பனி, 1993 இல் வெளியிட்டுப் புகழ்பெற்ற டூம் என்னும் விளையாட்டின் நிரலை 1997 இற் திறந்தபோது, அதன் படங்களையும் ஒலிகளையும் திறக்கவில்லை. எல்லாவற்றையும் கொடுத்தல், ஒன்றையுங் கொடாதிருத்தல் என்னும் இரண்டு வழி மட்டுமே இருப்பதாக எண்ண வேண்டியதில்லை.

மூன்றாவது, வீட்டைக் கூட்டிய பின்னரே விருந்தினரை அழைக்க வேண்டும். நிரலுக்குள் எங்கேனும் கடவுச்சொல் எழுதப்பட்டிருக்கின்றதா, வாடிக்கையாளரின் பெயரோ கணக்கோ மாதிரிக்காக இடப்பட்டிருக்கின்றதா, பிறர் நிரலிலிருந்து எடுத்த பகுதிக்கு அனுமதி உண்டா, உதவிக்கு எழுதித் தந்தவர்கள் தம் உரிமையைக் கையொப்பமிட்டுக் கொடுத்தனரா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். பெயரையும் வியாபாரக் குறியையும் தம்மிடமே பதிந்து வைத்துக்கொள்ளலாம். நிரலைத் திறப்பவர் பெயரைத் திறக்க வேண்டியதில்லை. உரிமத்தையும் அறிந்தே தெரிய வேண்டும். எம்.ஐ.டி., அப்பாச்சி உரிமங்கள் எடுப்பவர்க்கு ஏறக்குறைய முழுச் சுதந்திரம் தருவன. 2007 இல் வந்த அஃபெரோ பொது உரிமமோ, நிரலை மாற்றி இணையச் சேவையாக நடத்துவோரும் அம்மாற்றங்களைச் சேவை பெறுவோர்க்குத் திறந்து கொடுக்க வேண்டும் எனக் கூறுவது. பெரிய கம்பனி எடுத்துக்கொள்ளும் என்று அஞ்சும் சிறியவர்க்குப் பின்னையது ஓரளவு வேலியாகும்.

திறப்பதா என்று மற்றவர்களும் எண்ணும்போது, நாம் எதை விற்றுச் சீவிக்கின்றோம் என்னும் வினாவையே முதலில் தம் பற்றுச்சீட்டுகளிடம் கேட்டறிக. உழைப்பை விற்பவர் சிறிது துணியலாம்; பிரதியை மட்டும் விற்பவர் அவசரப்படலாகாது. எவராயினும், எழுதியவர் ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் விளங்காத நிரலை வைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்கலாகாது. அது பரணிலுள்ள ஒற்றை ஏடு.

மாணவர்களுக்கும் ஒரு சொல். திறந்து கிடக்கும் நிரல்கள் விலையில்லாப் பொருள்கள் என்று மட்டும் கருதாதீர்கள். கைதேர்ந்தவர்களின் கொப்பிகள் அவை, எடுத்து வாசியுங்கள். பிழை கண்டால் பணிவோடு எழுதி அனுப்புங்கள். சேறு வார இறங்குபவர் ஒருவராவது கூடட்டும்.

சென்ற வாரம் மாணாக்கர் தொலைபேசியிற் பேசினார். தமிழ் எண்ணுப்பெயர்ப் பகுதியை முதலில் திறப்பதென்று ஐவரும் ஒருமனதாகத் தீர்மானித்தனராம். கனடாவுக்குப் போகும் நண்பர் நாள்தோறும் இரண்டு மணி நேரம் தம் நிரலுக்குக் குறிப்பெழுதுகின்றார்; மற்றொருவர் பக்கத்திலிருந்து வாசித்து, விளங்காத இடங்களைக் கேட்கின்றார். "அவன் எழுதியதில் அவனுக்கே இரண்டு இடம் விளங்கவில்லை, சேர்" என்று சொல்லிச் சிரித்தார்.

பயணத்துக்கு முன்னரே அது தெரிய வந்தமை நல்லதாயிற்று.